“கூலிங் வருதா சார்?”

முதல் முறை எங்கள் வீட்டில் ஏசி மாட்டியபோது மொத்த வேலையும் ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் சுவரில் ஓட்டை போட்டார். இன்னொருவர் ஜன்னல் வழியாக வெளியே இறங்கி, சன்ஷேடில் நின்றுகொண்டு அவுட்டோர் யூனிட்டை மாட்டினார். எல்லாம் முடிந்ததும் ரிமோட்டை என் கையில் கொடுத்து, உள்ளங்கையை நீட்டிப் பார்க்கச் சொன்னார்கள். “கூலிங் வருதா சார்?” வந்தது. ஜில்லென்று வந்தது. சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

மூன்றாவது மாதம் வெறும் காற்று வந்தது. போன் செய்ததும் வேறொருவர் வந்தார், அழுத்தம் அளக்கும் கேஜை மாட்டிப் பார்த்தார், “கேஸ் இல்ல சார்” என்று சொல்லி ஏற்றிவிட்டுப் போனார். மறுபடியும் ஜில். இரண்டு மாதம் கழித்து மறுபடியும் கேஸ் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏசிக்குள் இருக்கும் கேஸ், வண்டியில் ஊற்றும் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற சங்கதியே இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. சரியாக மாட்டிய ஏசிக்கு, தொழிற்சாலையில் நிரப்பிய கேஸே ஆயுசுக்கும் போதும். குறைகிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது. அந்த இடத்தைத் தேடாமல் மேலே மேலே ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை.

விசாரித்து விசாரித்து வேறொரு மெக்கானிக்கைப் பிடித்தேன். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் “அண்ணே” என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னைக் கடைசி வரை “சார்” என்பதை விடவில்லை. போனிலேயே ஒரு நிபந்தனை போட்டார்: “அஞ்சு மணி நேரம் ஆகும் சார். அவசரம்னா வேற ஆளப் பாத்துக்குங்க.” அந்த ஐந்து மணி நேரமும் நான் அவர் பக்கத்திலேயே நின்றேன். கேள்வி கேட்டுக் கேட்டு அவர் பொறுமையைச் சோதித்தேன் என்றும் சொல்லலாம்.

ஏசியைப் பார்ப்பார் என்று நினைத்தால், அவர் நேராகப் போய் நின்ற இடம் மெயின் போர்டு. ஏசிக்கென்று தனி லைன் வருகிறதா, அதற்குத் தனி எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானே விழும் ஸ்விட்ச்) இருக்கிறதா, கம்பி எத்தனை சதுர மி.மீ., எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். சுவரில் மூன்றாவது ஓட்டை கொண்ட சாக்கெட் இருந்தால் எர்த் இருப்பதாகத்தான் நானும் நம்பியிருந்தேன். அவர் மீட்டரை வைத்து அளந்துவிட்டுத்தான் தலையை ஆட்டினார். 30 மில்லி ஆம்பியரில் விழும் கசிவுப் பாதுகாப்பு ஸ்விட்ச் இருக்கிறதா என்றும் கேட்டார். எர்த்தும் அந்த ஸ்விட்சும் சேர்ந்து இருந்தால், தகரப் பெட்டியில் கரண்ட் பாய்ந்தாலும் அதைத் தொடுகிறவர் பிழைப்பார்.

அப்புறம் அவுட்டோர் யூனிட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினார். உள்ளே பச்சைக் கம்பி எங்கும் சேரவில்லை. மடக்கி, கறுப்பு டேப் சுற்றி, ஓரமாகச் செருகி வைத்திருந்தார்கள். எட்டு மாதமாக அந்தப் பெட்டிக்கு எர்த்தே இல்லை. மழை பெய்யும்போதெல்லாம் அதன் பக்கத்தில்தான் நான் துணி காயப்போட்ட கொடியை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் காட்டினார். கம்பி வந்து சேரும் ஒரு டெர்மினலில் திருகு பாதிதான் இறுகியிருந்தது. பல இழைக் கம்பியில் நாலைந்து இழை மட்டும் திருகுக்கு அடியில், மீதி வெளியே பிசிறாக நின்றது. அந்த இடத்தில் பிளாஸ்டிக் லேசாகப் பழுப்பேறியிருந்தது. கம்பி சரியான அளவாக இருந்தாலும் தொடுகிற இடம் ஊசி முனையளவு என்றால் சூடு அங்கேதான் கூடும். எம்.சி.பி.க்கு அது தெரியாது. ஓடுகிற கரண்ட் வழக்கமான அளவுதானே? அதனால் அது விழாது, பிளாஸ்டிக் உருகும். ஏசியில் தீப்பிடித்தது என்ற செய்தியைப் படிக்கும்போது நான் கேஸைத்தான் சந்தேகப்படுவேன். இப்போது முதலில் அந்தப் பழுப்பு நிறம்தான் ஞாபகம் வருகிறது.

இதையெல்லாம் தொடுவதற்கு முன் மெயினை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தார். இன்வெர்ட்டர் ஏசியின் போர்டில் மின்சாரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பெரிய கெபாசிட்டர்கள் இருக்கின்றன. 230 வோல்ட் மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கினால் அவற்றில் 325 வோல்ட் வரை ஏறி நிற்கும். ஸ்விட்சை அணைத்தாலும் அது உடனே வடிந்துவிடாது. “ஆஃப் பண்ணிட்டேன்னு கைய விட்டா அடிச்சிரும் சார்” என்றார். பத்து நிமிடம் ஆன பிறகும் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கையை வைத்தார்.

அடுத்தது ஒழுகும் இடம். ஏசியில் பாதி கேஸ் இன்னும் இருந்தது. பொதுவாக ஏசியைக் கழற்றும்போது அதன் கம்ப்ரசரையே (கேஸை அழுத்திச் சுற்றவிடும் மோட்டார்) ஓடவிட்டு, குழாயில் இருக்கும் கேஸ் முழுவதையும் அவுட்டோருக்குள் இழுத்துப் பூட்டுவார்கள். ‘பம்ப் டவுன்’ என்று பெயர். அதைச் செய்வார் என்று பார்த்தால், கேஸை உறிஞ்சிச் சிலிண்டரில் அடைக்கும் ரெகவரி மெஷின் ஒன்றையும் காலி சிலிண்டரையும் தனியாகத் தூக்கி வந்தார். ஏன் என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலை நான் அதற்கு முன் யார் வாயிலும் கேட்டதில்லை.

ஒழுகுகிற குழாயோடு பம்ப் டவுன் செய்தால், கேஸ் தீர்ந்த பிறகு கம்ப்ரசர் அந்த ஓட்டை வழியாக வெளிக்காற்றை உறிஞ்சும். காற்றும், கம்ப்ரசருக்குள் இருக்கும் எண்ணெய் ஆவியும் சேர்ந்து அழுத்தப்பட்டால் என்ன ஆகும்? டீசல் இன்ஜினில் தீப்பொறியே இல்லாமல் எரிபொருள் பற்றுவது எப்படியோ அப்படித்தான். வித்தியாசம் என்னவென்றால், இன்ஜின் அதற்கென்றே வார்த்தது. கம்ப்ரசர் அப்படியில்லை, வெடிக்கும். வால்வை மூடிவிட்டு மோட்டாரை நிறுத்த மறந்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே நட்டைக் கழற்றுகிறவர்களுக்கும் இதே கதிதான். பல ஏசி நிறுவனங்களின் கையேடுகளில் எச்சரிக்கைப் பக்கத்தில் இது இருக்கிறது. அந்தப் பக்கத்தை நாம் வாரண்டி அட்டையோடு சேர்த்து அலமாரியில் போட்டுவிடுகிறோம்.

கேஸைச் சும்மா வெளியே விட்டுவிட்டால் என்ன என்றும் கேட்டேன். என் ஏசியில் இருப்பது ஆர்-32 என்ற கேஸ். அதன் பூமியைச் சூடாக்கும் திறன் கார்பன் டை ஆக்சைடைப் போல 675 மடங்கு. என் பெட்டியின் பெயர்ப் பட்டையில் 800 கிராம் என்று இருந்தது. அதை வெளியே விட்டால் 540 கிலோ கார்பன் டை ஆக்சைடு விட்ட கணக்கு. அதற்கு முன் புழக்கத்தில் இருந்த ஆர்-410ஏ இன்னும் மோசம், இரண்டாயிரத்துச் சொச்சம் மடங்கு. 2016-இல் கிகாலியில் உலக நாடுகள் கூடி இந்த வகை வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க ஒப்புக்கொண்டது இதனால்தான். பல நாடுகளில் கேஸ் லைனைத் தொடவே சான்றிதழ் வேண்டும்.

ஆர்-32 மெதுவாக எரியக்கூடிய வாயுவும்கூட. காற்றில் 14 சதவீதத்துக்கு மேல் சேர்ந்தால்தான் பற்றும், அதனால் சமையல் கேஸ் அளவுக்குப் பயமில்லை. ஆனால் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போய்க் கலைந்துவிடாமல் தரையோரம் தங்கும். எனவே வேலை நடக்கும்போது ஜன்னல் எல்லாம் திறந்திருக்க வேண்டும், விளக்கோ சிகரெட்டோ பக்கத்தில் கூடாது. நெருப்பில் பட்டால் எரிவது மட்டும் பிரச்சினையில்லை. அதில் ஃப்ளோரின் இருப்பதால் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு உண்டாகும். அது நுரையீரலை அரிக்கும். திரவமாகத் தோலில் பட்டால் கொதிநிலை மைனஸ் 52 டிகிரி என்பதால் சதை உறைந்துபோகும். அண்ணன் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் ஹோஸைக் கழற்றவே இல்லை. இப்போது ஆர்-290 போட்ட ஏசிகளும் வருகின்றன. அது புரோப்பேனேதான், சமையல் சிலிண்டரின் சொந்தக்காரன். 2 சதவீதம் கலந்தாலே பற்றும். ஐ.இ.சி. என்கிற சர்வதேச மின்சாதனத் தர அமைப்பு வீட்டு ஏசிகளுக்கு வைத்த விதியில் அறையின் பரப்பைப் பற்றிக் கேள்வி கேட்காமல் அனுமதிக்கும் அளவு ஆர்-32-க்குச் சுமார் 1.8 கிலோ, ஆர்-290-க்கு வெறும் 150 கிராம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அந்த எண்களிலேயே இருக்கிறது.

ஒழுகல் எங்கே என்று கண்டுபிடிக்க அவருக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இண்டோர் யூனிட்டுக்குப் பின்னால் இருந்த கனத்த குழாயின் மூட்டில் இன்சுலேஷனை உரித்தார். எண்ணெய் பிசுபிசுத்தது. கேஸோடு கூட எண்ணெயும் சுற்றுவதால், கேஸ் கசியும் இடத்தில் எண்ணெய்க்கறை படியும். நட்டைக் கழற்றிக் குழாய் முனையை விளக்கில் பிடித்துக் காட்டினார்.

இந்த ‘ஃப்ளேர்’ என்கிற சமாசாரத்தைப் பற்றித்தான் உண்மையில் இந்தக் கட்டுரையே எழுத உட்கார்ந்தேன். செப்புக் குழாயின் முனையை ஊமத்தம்பூ மாதிரி 45 டிகிரியில் விரித்து, அந்தப் பூவைப் பித்தளை நட்டால் அழுத்திப் பிடிப்பதுதான் மூட்டு. வாஷர் கிடையாது, பசை கிடையாது. செம்பும் பித்தளையும் முகத்தோடு முகம் ஒட்டி நிற்பதுதான் அடைப்பு. வெயில் நாளில் ஆர்-32 ஓடும் ஏசியின் உயர் அழுத்தப் பக்கம் 30 பாரை எட்டும். கார் டயரில் இருப்பது 2 பாருக்குச் சற்று மேல். அந்த அழுத்தத்தைத் தாங்குவது இந்தப் பூவின் வழுவழுப்புதான்.

என் குழாயின் பூ ஒரு பக்கம் பெரிதாகவும் மறுபக்கம் சிறிதாகவும் இருந்தது. உள் முகத்தில் மெல்லிய கோடு கோடாகக் கீறல். “ரம்பத்துல அறுத்திருக்காங்க சார்.” ரம்பத்தால் அறுத்தால் வெட்டு நேராக வராது, செப்புத் தூளும் உள்ளே போகும். அவர் சின்னச் சக்கரம் வைத்த பைப் கட்டரை மாட்டி, ஒரு சுற்றுக்கு இத்தனூண்டு இறுக்கி, பொறுமையாகச் சுற்றினார். அறுந்ததும் உள் விளிம்பில் பிசிறு நிற்கும். அதைச் சீவும்போது குழாயின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்தார். மேலே பார்த்தபடி சீவினால் அந்தத் துகள் உள்ளே விழுந்து, ஒருநாள் கம்ப்ரசரைப் போய்ச் சேரும். அப்புறம் நட்டைக் குழாயில் கோத்தார். கோக்காமல் பூவை விரித்துவிட்டால் மறுபடி வெட்ட வேண்டியதுதான். “இதை மறக்காத மெக்கானிக் கிடையாது” என்று சிரித்தார்.

விரித்த பூ கண்ணாடி மாதிரி மின்னியது. சுற்றிலும் ஒரே அகலம். முகத்தில் ஏசி எண்ணெய் ஒரு சொட்டுத் தடவி, கையாலேயே நட்டை முழுக்க ஏற்றினார். கையால் ஏறாத நட்டு மரை மாறிய நட்டு, அதை ஸ்பேனரால் வம்பு பண்ணக்கூடாது. பிறகு இரண்டு ஸ்பேனர்: ஒன்று அசையாமல் பிடிக்க, இன்னொன்று டார்க் ரெஞ்ச், குறித்த அளவு இறுகியதும் ‘க்ளிக்’ என்று சொல்லும் ஸ்பேனர். கால் இஞ்ச் குழாய்க்கு 14 முதல் 18 நியூட்டன் மீட்டர், அரை இஞ்ச் குழாய்க்கு 50-க்கு மேல். ஒவ்வொரு மாடலின் கையேட்டிலும் இதற்கு அட்டவணை இருக்கிறது. கால் இஞ்ச் நட்டுக்குத் தேவைப்படுவது, இருபது செ.மீ. ஸ்பேனரின் நுனியில் எட்டுக் கிலோவை வைத்த அளவுக்குத்தான். பலசாலிகள் “நல்லா இறுக்கிட்டேன்” என்று சொல்லும்போது செம்பு நசுங்கி மெலிந்திருக்கும். அன்று கசியாது. சூட்டிலும் குளிரிலும் விரிந்து சுருங்கி, நாலைந்து மாதத்தில் விரிசல் விடும். ரெஞ்ச் ‘க்ளிக்’ என்றதும் நிறுத்திவிட்டு, நட்டின் மேலும் மூட்டின் மேலும் சேர்த்து மார்க்கரால் ஒரு கோடு போட்டார். என்றைக்காவது நட்டு தளர்ந்தால் அந்தக் கோடு உடைந்து தெரியும்.

மூட்டுகள் முடிந்ததும், அவை ஒழுகுகின்றனவா என்று அழுத்தம் ஏற்றிப் பார்க்க நைட்ரஜன் சிலிண்டர் வந்தது. நிரப்பிய சிலிண்டரில் 150 பார் அழுத்தம் இருக்கும். ரெகுலேட்டர் இல்லாமல் அதை ஏசியில் இணைப்பது, குழாயை வெடிகுண்டாக்குவது. அதைவிட மோசம், நைட்ரஜன் கிடைக்கவில்லை என்று வெல்டிங் ஆக்சிஜனை எடுப்பது. அழுத்தம் ஏறிய ஆக்சிஜன் எண்ணெயைத் தொட்டால் தீக்குச்சியே தேவையில்லை. இதில் உயிர் போயிருக்கிறது. அவர் முதலில் 5 பார் ஏற்றி நின்றார், அப்புறம் 15, அப்புறம் என் மாடலுக்குச் சொன்ன 40. எடுத்த எடுப்பில் 40 ஏற்றி, மூட்டு பிய்த்துக்கொண்டால் முகத்துக்கு நேராக வரும். பிறகு நுரைத் திரவத்தை மூட்டுகளில் பூசினார். பாத்திரம் கழுவும் சோப்பை எடுத்து வந்து நீட்டினேன், வேண்டாம் என்றார். சில சோப்புகளில் அம்மோனியாவோ குளோரைடோ இருக்கும், பித்தளை நட்டு நாளாவட்டத்தில் அதனாலேயே விரிசல் விடுமாம். இதற்கென்றே விற்கும் திரவம் வைத்திருந்தார்.

கேஜில் அளவையும் அப்போதைய வெப்பத்தையும் சுவரிலேயே பென்சிலால் எழுதிவிட்டு, டீ சாப்பிட உட்கார்ந்தோம். வெப்பத்தை எதற்கு எழுத வேண்டும்? பத்து டிகிரி குறைந்தாலே 40 பார் சுமார் 1.3 பார் இறங்கிவிடும். அது ஒழுகல் ஆகாது, வாயுவின் குணம். எழுதி வைக்காதவர் இல்லாத ஓட்டையைத் தேடுவார், அல்லது இருக்கும் ஓட்டையை வெயில் மேல் பழி போட்டுவிட்டுப் போவார்.

இதற்கு அடுத்து வந்த வேலைதான் முதல் தடவை நடக்கவே இல்லை: வேக்குவம், அதாவது குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி வெற்றிடமாக்குவது.

முதல் தடவை என்ன செய்தார்கள் என்பதை நான் பார்த்திருக்கிறேன். நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, அவுட்டோர் வால்வைத் திறந்து, ‘புஸ்ஸ்’ என்று சத்தம் வரவிட்டு, இறுக்கினார்கள். குழாயில் இருக்கும் காற்றை ஏசியின் கேஸை வைத்தே தள்ளிவிடுகிற பழைய முறை அது. காற்றில் பெரும்பகுதி போய்விடும். ஈரம் போகாது. பழைய ஆர்-22 ஏசிகளின் எண்ணெய் அதை ஒருவிதமாகச் சகித்துக்கொண்டது. இப்போதைய கேஸ்களோடு பெரும்பாலும் வருவது எஸ்டர் வகை எண்ணெய். உப்பு மாதிரி ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சிய ஈரத்தோடு வினைபுரிந்து அமிலமாகும். அமிலம் கம்ப்ரசர் மோட்டாரின் சுருளைத் தின்னும். அதற்கு இரண்டு வருடமும் ஆகலாம், நாலு வருடமும் ஆகலாம். அதுவரை கூலிங் பிரமாதமாக வரும்.

வேக்குவம் பம்பை அவர் இணைத்த ஐந்தாவது நிமிடத்தில் கேஜின் முள் கடைசிக் கோட்டில் போய் நின்றுவிட்டது. “முடிஞ்சுதா அண்ணே?” என்றேன். அவர் ஒரு சின்ன டிஜிட்டல் மீட்டரைக் காட்டினார். அதில் 21,000 சொச்சம் ஓடிக்கொண்டிருந்தது. மைக்ரான். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் 760 மி.மீ. பாதரசம், அதாவது 7,60,000 மைக்ரான். 25 டிகிரி வெப்பத்தில் தண்ணீர் கொதிக்கத் தொடங்குவது 24,000 மைக்ரான் வாக்கில். முள் கடைசியில் நின்ற அந்த நேரத்தில்தான், குழாய்க்குள் ஒட்டியிருந்த ஈரம் கொதிக்கவே தொடங்கியிருக்கிறது! முள் கேஜில் 25,000-க்கும் 500-க்கும் உள்ள தூரம் முள்ளின் தடிமன்தான். அதை நம்பிப் பம்பை நிறுத்துகிறவர், உலை கொதிக்கும்போது அடுப்பை அணைக்கிறவர்.

மீட்டர் 500-க்குக் கீழே இறங்க நாற்பது நிமிடம் ஆனது. நடுவில் 4,000 பக்கம் வந்து நகராமல் கொஞ்ச நேரம் அடம்பிடித்தது. ஈரம் ஆவியாகிக்கொண்டிருக்கும் இடம் அது என்றார். இறங்கியதும் பம்பை அணைக்காமல் முதலில் வால்வை மூடினார். அப்புறம் பம்பை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் மீட்டரையே பார்த்தோம். எண் மெல்ல நிறைய ஏறி எங்கோ ஓரிடத்தில் நின்றால் இன்னும் ஈரம் இருக்கிறது. நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் ஓட்டை. எங்களுடையது 380-இலிருந்து 430-க்கு வந்ததோடு நின்றது, 500-ஐத் தொடவே இல்லை. அவர் முகத்தில் அன்று முதன்முறையாகத் திருப்தியைப் பார்த்தேன்.

வேக்குவம் நின்றுவிட்டதே, நைட்ரஜன் சோதனை எதற்கு என்று சிலர் கேட்பார்கள். வேக்குவத்தில் வெளியிலிருந்து உள்ளே தள்ளுவது வெறும் 1 பார். ஏசி ஓடும்போது உள்ளிருந்து வெளியே தள்ளுவது அதைப் போல இருபது முப்பது மடங்கு. ஒன்று இன்னொன்றுக்கு மாற்று ஆகாது.

அவுட்டோர் யூனிட்டைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. முப்பது கிலோவுக்கு மேல் கனக்கிற பெட்டி, நாள் முழுக்க அதிர்ந்துகொண்டே இரண்டு ஆங்கிளில் உட்கார்ந்திருக்கிறது. என் வீட்டுச் சுவரில் அதைத் தாங்கிய போல்ட் ஒன்றை அண்ணன் விரலால் அசைத்தார், ஆடியது. பூச்சுக்குள் மட்டுமே இறங்கியிருக்கிறது, செங்கல்லைத் தொட்டதோடு சரி. உள்ளே குழியான பிளாக் சுவராக இருந்தால் ஓட்டைக்குள் விரிந்து பிடிக்கிற ஆங்கர் போல்ட் பிடிக்கவே பிடிக்காது; அந்தப் பக்கம் வரை துளைத்துப் பட்டை வைத்து முடுக்க வேண்டும். என் சுவர் செங்கல் என்பதால் பூச்சைத் தாண்டி ஆழமாகப் போகும் நீளமான ஆங்கர்களை வேறு இடத்தில் போட்டார். அதைச் செய்ய அவர் சன்ஷேடில் கால் வைக்கவில்லை. இடுப்பிலும் தோளிலும் பெல்ட் மாட்டி, கயிற்றை அறைக்குள் இருந்த தூணில் கட்டி, உதவியாளரிடம் ஒரு முனையைக் கொடுத்துவிட்டுத்தான் ஜன்னலைத் தாண்டினார். சன்ஷேடு மழையைத் தடுக்கக் கட்டியது, ஆளை நிறுத்த இல்லை. ஸ்பேனருக்குக்கூட மணிக்கட்டில் கயிறு இருந்தது. கீழே நடமாடும் இடத்தை நாற்காலி போட்டு மறிக்கச் சொன்னார். இந்தத் தொழிலில் கரண்டையும் கேஸையும்விட உயரம்தான் ஆளைக் கொல்லும் என்பது அவர் அபிப்பிராயம். எட்டு மாதத்துக்கு முன் அதே சன்ஷேடில் ஒருவர் வெறுங்காலோடு நின்றபோது நான் ஜன்னலோரமாக நின்று டார்ச் அடித்துக்கொண்டிருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

தண்ணீர் விஷயம் சுலபம். சுவர் ஓட்டை வெளிப்பக்கமாகச் சற்றுச் சரிய வேண்டும், வடிகுழாய் எங்கேயும் மேலேறி இறங்கக்கூடாது, நூறுக்கு ஒன்று என்ற சரிவாவது வேண்டும், அதன் நுனி தேங்கிய தண்ணீரில் மூழ்கக்கூடாது. ரசமட்டத்தை வைத்து இண்டோரைச் சரிபார்த்தார். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரை உள் தட்டில் ஊற்றி, வெளியே போய் ஒழுகுவதைக் கண்ணால் பார்த்தார். குளிர்காலத்தில் ஏசியையே திருப்பி ஓட்டி அறையைச் சூடாக்குகிறவர்களுக்கு (ஹீட் பம்ப் என்பார்கள்) அவுட்டோரும் தண்ணீர் விடும், பனி விழும் ஊரில் அது அடியிலேயே உறையும். அதனால் அங்கே பெட்டியைத் தரையிலிருந்து நன்றாகத் தூக்கி வைப்பார்கள்.

இரண்டு குழாய்க்கும் தனித்தனி இன்சுலேஷன் போட்டார். முதல் ஆட்கள் கனத்த குழாய்க்கு மட்டும் போட்டிருந்தார்கள். மெல்லிய குழாயில் சூடான திரவம்தானே போகும் என்று நானும் எங்கோ படித்திருந்தேன். ஃப்ரிட்ஜுக்கு அது சரி. ஸ்பிளிட் ஏசியில் திரவத்தை விரியவைக்கும் வால்வு பெரும்பாலும் அவுட்டோரிலேயே இருக்கிறது. அதனால் மெல்லிய குழாயும் ஜில்லென்றுதான் வரும், வியர்க்கும். கப்போர்டின் பின்பலகை ஊறிப்போனதற்கு எட்டு மாதமாக நான் குளியலறைக் குழாயைச் சந்தேகப்பட்டிருந்தேன்.

கேஸை அவர் கேஜைப் பார்த்து ஏற்றவில்லை. சிலிண்டரைத் தராசில் வைத்து, பெயர்ப் பட்டையில் இருந்த 800 கிராமையும் எடை பார்த்து உள்ளே விட்டார். இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரசரின் வேகம் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் அழுத்தத்தை மட்டும் பார்த்து அளவு சொல்ல முடியாது. என் குழாய் நாலு மீட்டர்தான். ஏழரை மீட்டரைத் தாண்டினால் மீட்டருக்கு 20 கிராம் கூடுதல் என்று என் மாடலின் கையேட்டில் இருக்கிறது. மற்ற மாடலில் வேறாக இருக்கும். வால்வு மூடிகளையும் ரெஞ்ச் வைத்தே இறுக்கினார். தூசுக்காக என்று நாம் நினைக்கும் அந்த மூடிகள்தான் வால்வுத் தண்டின் கடைசி அடைப்பு.

ஓடவிட்டு அரை மணி நேரம் கழித்து, உள்ளே போகும் காற்றையும் வெளியே வரும் காற்றையும் தெர்மாமீட்டரில் அளந்தார், கரண்ட்டை க்ளாம்ப் மீட்டரில் பார்த்தார், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அவுட்டோரின் மூடிக்கு உட்புறம் ஒட்டினார். என் கையை நீட்டச் சொல்லவில்லை. நானாகத்தான் நீட்டிப் பார்த்தேன்.

அது நடந்து மூன்று வருடம் ஆகிறது. ஒரு கிராம் கேஸ் ஏற்றவில்லை. போன மாதம் வீடு மாறினோம். சாமான் ஏற்ற வந்தவர்களில் ஒருவர் ஏசியைப் பார்த்துவிட்டு, “பத்து நிமிஷத்துல கழட்டிடலாம் சார், ஓடவிட்டு நட்ட லூஸ் பண்ணா போதும்” என்றார். மேலே ஏற நாற்காலியைக்கூட இழுத்துவிட்டார். நான் மெயினை அணைத்துவிட்டு அண்ணனுக்குப் போன் போட்டேன். வியாழக்கிழமைதான் வர முடியும் என்றார். லாரி போய்விட்டது. காலி வீட்டில் ஏசி மட்டும் சுவரில் நாலு நாள் தனியாக இருந்தது.